அரண்மனையில் ரூம் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

1979-ல் கர்நாடகத்தில் ஓர் அரண்மனை ஹோட்டலில் ரூம் பாயாகச் சேர்ந்தவன் நான். 2016-ல் ராஜஸ்தானில் இன்னோர் அரண்மனை ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அரண்மனை ஹோட்டல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை, 'அங்கே துடைப்பம் பிடித்தவரே பதில் சொல்லட்டும்' என்று ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டார். நான் எந்த ஹோட்டல்களில் இருந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். சோறு போட்ட இடத்தைப் பேர் சொல்லிக் கதை பேச மனசு வரவில்லை.

கேள்வி: ராஜாக்களிடம் இல்லாத பணமா? இந்திரா காந்தி மன்னர் மானியத்தை நிறுத்திய கோபத்தில்தானே அரண்மனைகளை ஹோட்டலாக்கினார்கள்?
– கும்பகோணம் வாசகர்

சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்த ராஜாக்களுக்கு அரசு வருஷா வருஷம் கொடுத்த பணம்தான் அந்த மானியம். அது நின்றது 1971 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தத்தால். ஆனால் ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957-லேயே ஹோட்டலாகிவிட்டது. உதயப்பூரில் பிச்சோலா ஏரி நடுவே வெள்ளையாக நிற்கிறதே, லேக் பேலஸ், அது 1963-ல். மானியம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலம் அது. ஆக, கோபம் காரணம் இல்லை. கணக்குதான் காரணம்.

மானியம் என்றதும் எல்லோருக்கும் மைசூர்தான் ஞாபகம் வரும். மைசூருக்கு வருஷத்துக்கு 26 லட்சம். குஜராத் பக்கம் கட்டோடியா என்ற சின்ன சமஸ்தானத்துக்கு எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 192 ரூபாய். ராஜா என்றால் எல்லோரும் ஒரே ராஜா இல்லை. பெரிய ராஜாக்களுக்கும் நிலவரி போய்விட்டது, சுங்கம் போய்விட்டது. கூரை மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரண்மனை என்றதும் உங்களுக்குச் சிம்மாசனமும் சரவிளக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிவது மொட்டை மாடியும் மழைநீர்க் குழாயும்தான். ஏக்கர் கணக்கில் மாடி. ஒரு புறா செத்துக் குழாய் வாயில் அடைத்துக்கொண்டால் போதும், ஒரே மழையில் கீழே நூறு வருஷத்துச் சுவரோவியம் உப்பிக்கொண்டு நிற்கும். மழைக்கு முன்னால் பத்துப் பேர் பத்து நாள் மாடியிலேயே குடியிருப்போம். இதைச் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். விருந்தாளி கொடுக்கிற வாடகை முதலில் போவது அங்கேதான்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத் ஃபலக்னுமாவைப் பாருங்கள். பைகா என்ற பிரபு குடும்பத்தைச் சேர்ந்த விகார் உல் உம்ரா 1884-ல் கட்ட ஆரம்பித்து, பின்னால் நிஜாம் கைக்குப் போன அரண்மனை. 101 பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டு அறை அங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட இடம் பல பத்து வருஷம் பூட்டியே கிடந்தது. அதைச் சீர்படுத்த ஏறத்தாழ பத்து வருஷம் பிடித்தது. 2010-ல்தான் ஹோட்டலாகத் திறந்தார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் மட்டும் ஏன் ராஜஸ்தான் மாதிரி அரண்மனை ஹோட்டல்கள் இல்லை? நமக்கும்தான் ராஜாக்கள் இருந்தார்களே!
– தேவகோட்டை வாசகி

இருந்தார்கள் அம்மா. ஆனால் வெள்ளைக்காரன் போகும்போது இன்றைய தமிழ்நாட்டுக்குள் முழு சமஸ்தானமாக இருந்தது புதுக்கோட்டை ஒன்றுதான். அதுவும் 1948 மார்ச்சில் இணைந்துவிட்டது. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் எல்லாம் ஜமீன்கள். அவற்றின் வருமானத்தை அதே 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. ராஜஸ்தானில் சமஸ்தானம் ஒன்றோடு நிற்கவில்லை. ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதயப்பூர், பிக்கானேர் என்று வரிசையாகப் பெரிய சமஸ்தானங்கள். அவற்றுக்குக் கீழே கோட்டை வைத்திருந்த டாகூர் என்ற குறுநிலப் பிரபுக்கள் நூற்றுக்கணக்கில்.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றும். நம் ஊரில் அரண்மனைகள் ஹோட்டல் ஆகவில்லை, ஆபீஸ் ஆகிவிட்டன. புதுக்கோட்டை புது அரண்மனையில் கலெக்டர் ஆபீஸ். ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் அரசு அலுவலகங்கள். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் ஒரு காலத்தில் கோர்ட்டே நடந்தது. ஊட்டியில் ஜோத்பூர் மகாராஜா வைத்திருந்த ஆரன்மோர் அரண்மனைதான் இன்றைக்கு 'தமிழகம்' என்ற அரசு விருந்தினர் மாளிகை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசமும் தஞ்சாவூர் அரண்மனையும் பார்வைக்கு இருக்கின்றன, படுக்கைக்கு இல்லை. பத்மநாபபுரம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மரத்தால் இழைத்த அந்த இடத்தில் ஹோட்டல் நடத்தாமல் விட்டதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரு கெட்டில் தீப்பிடித்தால் போதுமே.

கேள்வி: கல்யாண வெள்ளிவிழாவுக்கு ஒரே ஒரு ராத்திரியாவது அரண்மனையில் தங்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. சார், கொடுக்கிற காசுக்கு அது தகுமா?
– சேலம் வாசகர்

நேராகவே சொல்கிறேன். பேர் பெற்ற பெரிய அரண்மனைகளில் சீசனில் ஒரு ராத்திரி வாடகை லட்சத்தைத் தொடும், தாண்டவும் தாண்டும். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினாலே 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. கடன் வாங்கிப் போகாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அப்படி வருகிறவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்கள், ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டே இருப்பார்கள். காலை டிஃபனில் ஒரு ஐட்டம் விடாமல் சாப்பிட்டுவிட்டு மதியம் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

வேறு வழிகள் இருக்கின்றன. ராஜஸ்தானில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை சீசன். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும், வாடகை இறங்கும். அரண்மனைச் சுவர் கனம் நமக்குத் தெரியும், உள்ளே அவ்வளவு சூடு இருக்காது. இரண்டாவது, பெரிய பேர்களை விட்டுவிட்டுச் சின்னக் கோட்டைகளைப் பாருங்கள். டெல்லி – ஜெய்ப்பூர் வழியில் நீம்ரானா கோட்டை இருக்கிறது. 1464-ல் எழும்பத் தொடங்கியது. இடிந்து கிடந்ததை வாங்கிச் செப்பனிட்டு 1991-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள். மலைச்சரிவில் படிப்படியாக ஏறிப்போகும். ஓர் அறை மாதிரி இன்னோர் அறை இருக்காது. முட்டி வலி இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிக் கீழ்த்தளம் கேளுங்கள். மைசூரிலும் உண்டு. ராஜகுமாரிகளுக்காகக் கட்டிய சித்தரஞ்சன் அரண்மனை இன்றைக்குக் கிரீன் ஹோட்டல் என்ற பெயரில் நடக்கிறது. ஆடம்பரம் கிடையாது. தோட்டத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

அப்புறம், முன்பதிவு செய்யும்போது 'அரண்மனைப் பகுதியிலேயே அறை வேண்டும்' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறைய இடங்களில் பழைய கட்டிடத்தை ஒட்டிப் புதுசாக ஒரு பிளாக் கட்டியிருப்பார்கள். வாசலில் யானைச் சிலை இருக்கும், உள்ளே போனால் எந்த ஊரிலும் இருக்கிற சாதா ஹோட்டல் ரூம்தான். வெள்ளிவிழா அன்றைக்கு அது தெரிந்தால் வீட்டம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

கேள்வி: இந்த ஹோட்டல்களில் ராஜ குடும்பம் இன்னமும் இருக்கிறதா? பார்க்க முடியுமா?
– நாகர்கோவில் கல்லூரி மாணவி

சில இடங்களில் இருக்கிறார்கள். ஜோத்பூர் உமைத் பவன் மூன்று பங்காக இருக்கிறது: ஒன்று ஹோட்டல், ஒன்று மியூசியம், ஒன்று ராஜ குடும்பத்தின் வீடு. பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று மகாராஜா உமைத் சிங் 1929-ல் அடிக்கல் போட்டார். 1943-ல் முடிந்தது. 347 அறை. அவர் 1947-ல் இறந்துவிட்டார். பதினாலு வருஷம் கட்டின வீட்டில் நாலு வருஷம்தான் குடியிருந்தார். மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்து நீ தாராளமாகப் பார்க்கலாம் பாப்பா, தங்க வேண்டியதில்லை.

ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, அரண்மனை ஹோட்டலான பிறகு அதே ராம்பாக் வளாகத்தில் 'லில்லிபூல்' என்ற சின்ன வீட்டில்தான் 2009 வரை வாழ்ந்தார்.

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே கஷ்டமான வேலை எது? கழிவறை என்று சொல்லிவிடாதீர்கள்!
– ஈரோடு வாசகி

கழிவறை கஷ்டமே இல்லை தாயி. சரவிளக்குதான்.

ஒரு தர்பார் ஹாலில் மூன்றடுக்குச் சரவிளக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கீழே இறக்குவோம். மேல்தளத்தில் ஒரு இருட்டு அறையில் கையால் சுற்றுகிற இரும்பு ராட்டினம். இரண்டு பேர் சுற்ற, ஒருத்தர் கீழே நின்று 'ஆஸ்தே, ஆஸ்தே' (மெதுவாக, மெதுவாக) என்று குரல் கொடுப்பார். அங்குலம் அங்குலமாக இறங்கும். இடுப்பு உயரம் வந்ததும் நிறுத்துவோம். கீழே பழைய கம்பளிகளை நாலு மடிப்பு விரித்திருப்போம். விளக்கின் கண்ணாடிக் கல் விழுந்தாலும் உடையக் கூடாது, உருண்டும் ஓடக் கூடாது.

அப்புறம் கண்ணாடித் தொங்கல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ட்ரே, ட்ரேயில் நம்பர் எழுதின காகிதம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு அலசி, ஈரம் ஒற்றி, பழைய மல் வேட்டித் துணியால் துடைப்போம். புதுத் துணி ஆகாது, நூல் உதிரும். கையில் பருத்திக் கையுறை போடாவிட்டால் விரல் ரேகை பதிந்துவிடும். இங்கே வெளிச்சத்தில் தெரியாது. மேலே ஏற்றி விளக்குப் போட்டதும் தெரியும். முதல் வருஷம் என் ரேகையை நானே இருபதடி உயரத்தில் பார்த்தேன்.

ஒரு தடவை எல்லாம் மாட்டி முடித்தோம். நாலாம் நாள் சாயங்காலம். என் கையில் ஒரு தொங்கல் மிச்சம். காலி இடம் எங்குமே இல்லை. மூன்று பேர் சுற்றிச் சுற்றி எண்ணினோம். வரைபடத்தைப் பார்த்தோம், ட்ரேயைப் பார்த்தோம், ராத்திரி ஒரு மணி. மறுநாள் அந்த ஹாலில் கல்யாண விருந்து. கடைசியில் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு கிழவர், அரண்மனையில் விளக்கு ஏற்றுகிறவராக இருந்தவர், பீடியை அணைத்துவிட்டு வந்து இரண்டாம் அடுக்கைக் கையால் தடவினார். 'இங்கே பார், கொக்கியே ஒடிந்துவிட்டது. இடமே இல்லாதபோது காலி எப்படித் தெரியும்?' என்றார். பித்தளைக் கம்பியில் புதுக் கொக்கி வளைத்து மாட்டிக்கொடுத்ததும் அவர்தான். அன்றையிலிருந்து கல்லை எண்ணுவதோடு கொக்கியையும் எண்ணச் சொல்வேன்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பாட்டனார் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஹோட்டலாக்கினால் என்ன என்று யோசனை. அரண்மனை இல்லாவிட்டாலும் பாரம்பரிய ஹோட்டல் என்று அரசு ஒப்புக்கொள்ளுமா அண்ணா?
– சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாசகர்

ஒப்புக்கொள்ளும் தம்பி. சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கில் 1950-க்கு முன் கட்டிய அரண்மனை, கோட்டை, ஹவேலி என்கிற வடநாட்டுப் பழைய மாளிகை, வேட்டை மாளிகை, வீடு எல்லாமே பாரம்பரிய ஹோட்டலாகலாம். வயசையும் வசதியையும் பார்த்து வகை பிரிப்பார்கள். கட்டிடத்தின் முகமும் குணமும் மாறக் கூடாது என்பது முக்கியம். உங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே பங்களா, விசாலம், சிதம்பர விலாஸ் என்று நல்லபடியாக நடக்கின்றன. தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் வேலை பங்காளிகள் கையெழுத்து. எத்தனை புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம், என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி கனடாவில் இருக்கும், ஒரு புள்ளி பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கும். முன்னோருக்குப் படைக்கிற படையல் வீடாக இருந்தால் வருஷத்தில் எந்த நாட்கள் வீடு உங்களுக்கே வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இது தீராமல் ஒரு செங்கல்லைத் தொடாதீர்கள்.

அடுத்தது, சிமென்ட். இதை மட்டும் நூறு தடவை சொல்வேன். உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு விட்டு மெருகேற்றிய சுவர், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். அது மூச்சுவிடுகிற சுவர். உள்ளே ஏறின ஈரம் தானாக வெளியே போகும். கொத்தனார் வந்து 'சார், வெடிப்புக்குச் சிமென்ட் பூசிடுவோம், கெட்டியா நிக்கும்' என்பார். பூசினால் ஈரம் போக வழி இல்லாமல் பக்கத்துச் சுண்ணாம்பை உப்பாக அரித்துக்கொண்டு வெளியே வரும். ராஜஸ்தானிலும் இதே கதை. அங்கே அந்த மெருகுப் பூச்சுக்கு ஆராயிஷ் என்று பேர். நான் இருந்த இடத்தில் எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு தாழ்வாரம் முழுக்கச் சிமென்ட் பூசிவைத்திருந்தார். அதைப் பெயர்த்து எடுத்துச் சுண்ணாம்பு ஏற்ற மூன்று வருஷம் ஆனது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பிடித்து வையுங்கள்.

பிறகு குளியலறை. அந்தக் காலத்து வீட்டில் அறைக்கு அறை குளியலறை ஏது? அலங்கார அறையையோ பின்தாழ்வாரத்தின் ஓர் ஓரத்தையோதான் மாற்ற வேண்டியிருக்கும். குழாயைச் சுவருக்குள் புதைக்காதீர்கள், வெளியே தெரிகிற மாதிரி ஓடட்டும். அசிங்கமாக இருக்கிறது என்று பார்த்தால், கசிகிற அன்றைக்குத் தேக்குத் தூண் கறுத்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள். இரண்டாம் கட்டில் எட்டு அறை வைத்தால் போதும். முகப்பும் பட்டாலை என்கிற கூடமும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: அரண்மனை ஹோட்டலில் பேய் உண்டாமே?
– பெயர் எழுதாத வாசகர்

முப்பத்தேழு வருஷத்தில் பார்த்தது வௌவால்தான். மாடிப்படிக் கண்ணாடியில் இரவு மூன்று மணிக்குத் தலைப்பாகையோடு ஒரு உருவத்தைப் பார்த்ததாக ஒரு வெளிநாட்டம்மா அலறினார். அது நைட் டியூட்டி பையன். எச்சில் தட்டு எடுக்கப் போயிருந்தான்.

கேள்வி: படித்த பையன்களுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, விருந்தாளிக்கு முன்னால் குனிய வைத்து, மேலே ரோஜா இதழ் தூவச் சொல்வது அவமானமாகத் தெரியவில்லையா உங்களுக்கு?
– கோவை வாசகர்

நியாயமான கேள்வி, கோபமும் நியாயம். எனக்கும் ஆரம்பத்தில் உறுத்தியது. எங்கள் ஊரில் ஜமீன் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர் என் தாத்தா. பேரன் சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே செய்கிறானே என்று இருந்தது.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஒன்பது மீட்டர் துணியை அரை நிமிஷத்தில் சாஃபா என்ற தலைப்பாகையாகக் கட்டிக்கொள்கிற பையன் அங்கே ஒருத்தன் இருந்தான். அவன் ஊரில் அது கல்யாணத்துக்குக் கட்டுவது. அவன் கட்டினால் நிமிர்ந்து நிற்பான். தைத்து வைத்த ரெடிமேட் தலைப்பாகையைத் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொள்கிறவன்தான் கூனிப்போவான். துணியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எத்தனை மணி நேரம் நிற்க வைக்கிறார்கள், உட்கார ஒரு ஸ்டூல் உண்டா, ஓவர்டைம் உண்டா என்று கேளுங்கள். ஒரு இடத்தில் டிப்ஸ் பெட்டியை மாசக் கடைசியில் மேலாளர் மட்டும் தனியாகத் திறப்பார். எனக்கு அவமானமாக இருந்தது அதுதான்.

ரோஜா இதழ் பற்றி எனக்கு வேறு வருத்தம். காலில் மிதிபட்ட இதழ் பளிங்கில் செந்நிறக் கறை விடும். பளிங்குக்கு எலுமிச்சையும் ஆகாது, ஆசிடும் ஆகாது, மேல்மெருகு செத்துப்போகும். மிதமான சோப்பும் ஈரத்துணியும்தான். மேலே தூவ இரண்டு பேர், கீழே முட்டி போட்டுத் துடைக்க நாலு பேர்.

கேள்வி: நீங்கள் எப்போதாவது அரண்மனை ஹோட்டலில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறீர்களா?
– மன்னார்குடி வாசகி

ஒரே ஒரு தடவை. ஓய்வு பெற்ற வருஷம், கூட வேலை பார்த்த ஒருவர் ராஜஸ்தானில் ஒரு சின்னக் கோட்டை ஹோட்டலில் மேலாளராக இருந்தார். 'அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாங்க' என்று இரண்டு நாள் அறை கொடுத்தார். ஜரோக்கா, அதாவது சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல், வைத்த அறை. ஜன்னலில் உட்கார்ந்தால் கீழே ஊர்க் கிணறும் ஒட்டகமும் தெரியும். என் வீட்டுக்காரிக்கு ரொம்பச் சந்தோஷம். முப்பது வருஷமாக நான் போனில் சொன்னதையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் நாங்கள் டிஃபனுக்குப் போய்விட்டு வந்தோம். வாசலில் ரூம் பாய், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஏதாவது தப்பாகிவிட்டதா என்று ஹிந்தியில் கேட்டேன். 'சாப், நான் வருவதற்குள் மெத்தை விரிப்பு மாற்றி, மூலை மடித்து, பாத்ரூம் தரையும் துடைத்து வைத்திருக்கிறது. வேறு யாரையாவது அனுப்பிவிட்டார்களா? என் வேலை போய்விடுமா?' என்றான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.